தகர டின்னில் வெந்த உருளைக்கிழங்கு

காந்திமதிக்குக் காத்திருக்கத் தெரியாது. சனிக்கிழமை மாலையில் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வருபவள் பாசஞ்சர் வரும்வரை பெஞ்சில் உட்கார மாட்டாள். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துகொண்டே இருப்பாள். விழுப்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தாக்குப்பிடிப்பாள். பிறகு ஏதோ வேலை இருக்கிறதென்று சொல்லி, போகவேண்டிய ரயிலுக்கு முந்தின ரயிலிலேயே கிளம்பிவிடுவாள்.

அவள் அப்பா விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவர். அவர் போனபின் கடையை அண்ணன் மாசிலாமணி பார்த்துக்கொண்டான். காந்திமதி பத்தாவது முடித்து, கிராம சேவகிப் பயிற்சிக்குப் போய், 1959இல் திண்டிவனத்துப் பக்கம் ஒரு பிளாக் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் போகும் ஊருக்குப் பஸ்ஸிலும், போகாத ஊருக்கு நடந்தும் போவாள். குழந்தைக்கு என்ன கொடுப்பது, கிணற்றில் மருந்து எப்படிப் போடுவது, புகையில்லாத அடுப்பு எப்படிக் கட்டுவது என்றெல்லாம் பெண்களுக்குச் சொல்லித்தருவது அவள் வேலை. அவளுக்கு மூன்று இடத்திலிருந்து வரன் வந்தது. மூன்று வீட்டாரும் வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். அண்ணியும் அதைத்தான் சொன்னாள். காந்திமதி மறுத்தும் பேசவில்லை, சம்மதிக்கவும் இல்லை. பேச்சு ஆரம்பித்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

இருபத்தெட்டு வயதில் அவளுக்கு அந்த உருளைக்கிழங்கு வேலை வந்தது.

அது 1965. அரிசிக்குத் தட்டுப்பாடு தொடங்கியிருந்தது. ஜனங்கள் சோற்றைக் குறைத்துக் கிழங்கு வகைகளைச் சாப்பிடப் பழகவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பிளாக் ஆபீசில் விரிவாக்க அலுவலராக இருந்த சீனுவாசன் சென்னைக்குப் போய் நான்கு நாள் பயிற்சி எடுத்துவந்தார். வரும்போது ஒரு கிருஷ்ணாயில் டின்னையும் கொண்டுவந்தார். டின்னைப் படுக்கவைத்து, ஒரு பக்கத்தை வெட்டிக் கம்பி கோத்துக் கதவாக்கியிருந்தது. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மணல், அதற்கு மேல் கம்பி வலை. உருளைக்கிழங்கைக் கழுவி, கோணி ஊசியால் அங்கங்கே குத்தி, மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலையின் எண்ணெய் தடவி, உப்பு தூவி வலைமேல் வைக்கவேண்டும். கீழே தணல், டின்னின் தலைமேலும் தணல். நாற்பத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும் என்று சீனுவாசன் கொடுத்த தாளில் இருந்தது.

சீனுவாசன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. எந்த வாரம் எத்தனை ஊர், எத்தனை செய்முறை விளக்கம், எத்தனை பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அதில் கட்டம் போட்டிருப்பார். கட்டம் நிரம்பாத வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் ஊர் கல்லேரிப்பாக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மல்லாட்டைக் களத்தில் பதினோரு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். காந்திமதி மூன்று கல்லைக் கூட்டி, மல்லாட்டைத் தோலும் சவுக்குச் சுள்ளியும் போட்டுக் கொளுத்தி, தணலானதும் டின்னை ஏற்றினாள். பன்னிரண்டு கிழங்குகளை உள்ளே வைத்துக் கதவை மூடினாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவைத் திறந்து பார்த்தாள். கிழங்கு வைத்தது வைத்தபடி இருந்தது. மூடினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்து ஒன்றைத் திருப்பி வைத்தாள். பெண்களிடம் கிழங்கில் இருக்கும் சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போய் மூன்றாவது தடவையும் திறந்தாள். பேச்சு தீர்ந்துபோனது. தணலைக் கிளறினாள், விசிறினாள், திறந்தாள். வெயில் ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்து உடைத்துக் காட்டினாள். தோல் சுருங்கியிருந்தது. நடுவில் பச்சையாக, கத்தி இறங்காமல் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. களை எடுக்கப் போகவேண்டுமென்று ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே நான்கு பேர் எழுந்தார்கள். கடைசியில் அஞ்சம்மாள் மட்டும் மிஞ்சினாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். புருஷனும் அவளுமாக இரண்டு ஏக்கர் மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவர்கள். அவள் காந்திமதியின் கூடையில் மிச்சமிருந்த பச்சைக் கிழங்கில் ஆறை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காலையில் கூழ் கிண்டிய அடுப்பு இன்னும் அவியவில்லை, அதில் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். காந்திமதியால் களத்தில் தனியாக நிற்க முடியவில்லை. அவள் பின்னாலேயே போனாள்.

அஞ்சம்மாள் அடுப்புச் சாம்பலைக் கிளறி விலக்கினாள். மேலே வெள்ளைச் சாம்பல், அடியில் மல்லாட்டைத் தோல் கனன்று கிடந்தது. கிழங்குகளை உள்ளே தள்ளிச் சாம்பலால் மூடிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கேப்பை புடைக்க உட்கார்ந்தாள்.

காந்திமதி அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். வெந்திருக்குமா என்றாள். அஞ்சம்மாள் இல்லை என்றாள். கொஞ்சம் பொறுத்து, ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்றாள். அதற்கும் இல்லை என்றாள். மூன்றாவது முறை காந்திமதி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அடுப்பண்டை போய்விட்டாள்.

“இன்னாம்மா நீ, நெருப்புல நின்னுக்கினு இருக்கிற மாதிரி ஆடற?” என்றாள் அஞ்சம்மாள். “கெளறிக்கினே இருந்தா சூடு எப்படி நிக்கும்? அங்கயும் அந்தக் கதவத் தொறந்து தொறந்து மூடனியே, அதான் வேவல. செத்த குந்து.”

காந்திமதி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அஞ்சம்மாள் முறத்திலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டாள், உனக்கு ஊட்ல எதனா கஷ்டமா என்று. இல்லை என்றாள் காந்திமதி. தனக்கு என்ன என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. விழுப்புரத்தில் இருந்தால் திண்டிவனம் போகவேண்டும்போல் இருந்தது, திண்டிவனத்தில் இருந்தால் எங்காவது கிராமத்துக்குப் போகவேண்டும்போல் இருந்தது. கிராமத்துக்கு வந்தால் கடைசி பஸ் எப்போது என்று மனசு கணக்குப் போட்டது.

முக்கால் மணி கழித்து அஞ்சம்மாள் கிழங்குகளை வெளியே இழுத்தாள். இரண்டு கரியாகிவிட்டிருந்தன. ஒன்று நடுவில் வேகவில்லை. மற்ற மூன்றும் மாவாக வெந்திருந்தன. சாம்பலைத் தட்டி, தோலை உரித்து, உப்பும் பச்சை மிளகாயும் தொட்டுத் தின்றார்கள். சாம்பல் வாசம் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அடுத்த வாரம் கல்லேரிப்பாக்கத்துக்குப் போகவேண்டுமென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே போனாள். அதே களம். இந்த முறை டின்னை ஏற்றிக் கிழங்கை வைத்ததும் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு ஏரிக்கரைமேல் நடக்கப் போய்விட்டாள். கரையின் கோடிவரை போய்த் திரும்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பாதிவரை போனாள். ஐம்பத்தைந்து நிமிடம் ஆனபிறகு வந்து கம்பியை அவிழ்த்தாள்.

பன்னிரண்டும் வெந்திருந்தன. தோல் மொறுமொறுவென்று, உள்ளே வெள்ளை மாவாக. ஒன்றுகூடக் கருகவில்லை. பெண்கள் ஆளுக்கொன்றாகக் கையில் மாற்றி மாற்றிப் போட்டு ஊதித் தின்றார்கள். காந்திமதி அஞ்சம்மாளைப் பார்த்தாள். அவள் தன் பங்கை மெதுவாகத் தின்று முடித்தாள்.

“ருசின்னா இதான் ருசி. சாம்பல்ல போட்டா இப்படி வராது, நான் பொய் சொல்லமாட்டேன்” என்றாள். “ஆனா நீ எரிச்சியே ஒரு கூடைத் தோலு, அதுல எங்க ஊட்ல ரெண்டு வேளைக் கூழு வேவும். சாம்பல்ல போட்டா தனியா ஒரு சுள்ளி வேணாம். அப்பால, உர்ளக்கெழங்கு இங்க எவ ஊட்ல இருக்குது? சந்தைக்கு மலையிலேர்ந்து வரணும். சக்கரவள்ளின்னா சொல்லு, கொல்லையில கெடக்குது.”

காந்திமதி அதை எழுதிக்கொண்டாள். அதோடு விடவில்லை. அந்த மாதத்தில் இன்னும் நான்கு ஊர்களில் கிழங்கை இரண்டு விதமாகவும் வேகவைத்துப் பார்த்தாள். டின்னுக்குள் எத்தனை நேரம், சாம்பலில் எத்தனை நேரம், எத்தனை கருகியது, எத்தனை கூடை எரிந்தது என்று எல்லாம் குறித்தாள். சக்கரவள்ளிக்கிழங்கையும் வைத்துப் பார்த்தாள். மூன்று பக்கத்துக்கு ஓர் அறிக்கை தயாரானது. விருந்தாளி வரும் நாளுக்கு டின் அடுப்பு நல்லது, அன்றாடத்துக்குச் சாம்பலே போதும், விறகு மிச்சமாகாத எதையும் இந்தப் பெண்கள் தொடரமாட்டார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

சீனுவாசன் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாற்பத்தைந்து நிமிடம் என்று மேலே எழுதி அனுப்பியாகிவிட்டதே என்றார். பதினோரு பேரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று கரும்பலகையில் போட்டாகிவிட்டது என்றார். அவர் கோபப்படவில்லை, கெஞ்சுகிறவர்போல்தான் பேசினார். ஒரு பக்கத்துக்குச் சுருக்கமாக மாற்றி எழுதித் தரச் சொன்னார். காந்திமதி தாள்களை வாங்கிக்கொண்டு வந்தாள். மாற்றி எழுத உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுநாளும் உட்கார்ந்து எழுந்தாள். மூன்று பக்கமும் அவள் பையிலேயே கிடந்தன. தினமும் அந்தப் பையைத் தோளில் மாட்டும்போது அது முன்னைவிடக் கனப்பதுபோல் இருந்தது.

பிப்ரவரியில் விழுப்புரத்தில் பொருட்காட்சி. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தட்டி கட்டி வரிசையாக ஸ்டால் போட்டிருந்தார்கள். விதை, உரம், கோழி வளர்ப்பு, கைத்தறி. கடைசியில் காந்திமதியின் டின் அடுப்பு. மேலே தொங்கிய அட்டையில் ‘பத்தே நிமிடத்தில் உருளைக்கிழங்கு’ என்று பெயிண்டால் எழுதியிருந்ததைக் காலையில் வந்துதான் பார்த்தாள். சென்னையிலிருந்து உணவுத் திட்டத்தைப் பார்வையிட ஓர் அம்மாள் வருகிறார், பதினோரு மணிக்கு இந்த ஸ்டாலுக்கு வருவார், அவரை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க முடியாது என்றார் சீனுவாசன். அதனால் விடியற்காலையிலேயே கிழங்குகளைப் பானையில் வேகவைத்து எடுத்துவந்திருந்தார். டின்னுக்குள் பத்து நிமிடம் வைத்தால் தோல் காய்ந்துவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

காந்திமதி பானைக் கிழங்குக்கு எண்ணெய் தடவினாள்.

பத்தரை மணிக்கு லாரியில் கிராமத்துப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பொருட்காட்சிக்குக் கூட்டம் சேர்க்க ஒவ்வொரு ஊரிலிருந்தும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்களாம். கல்லேரிப்பாக்கத்துப் பெண்கள் ஏழு பேர் ஸ்டாலுக்கு முன்னால் போட்ட ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அஞ்சம்மாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். காந்திமதியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அண்ணனும் அண்ணியும்கூட வந்து ஓரமாக நின்றிருந்தார்கள்.

பதினோரு மணி ஆனது. அம்மாள் வரவில்லை. பதினொன்றரை. காந்திமதி ஸ்டாலுக்குப் பின்னால் போய்த் தட்டியோரமாக நடந்தாள். திரும்பி வந்து தணலைப் பார்த்தாள். மறுபடி பின்னால் போனாள். கோழி ஸ்டால்காரர் சவுரிராயன், கொஞ்சம் உட்காருங்கம்மா, பார்க்கிறவங்களுக்கே தலை சுற்றுது என்றார். பன்னிரண்டே கால் ஆனபோது பானைக் கிழங்குகள் காய்ந்து தோல் சுருங்கத் தொடங்கியிருந்தன. அஞ்சம்மாள் அட்டையில் எழுதியிருந்ததைப் பக்கத்திலிருந்த பெண்ணைப் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டபிறகு காந்திமதியின் பக்கம் திரும்பினாள். கேலியாகப் பார்க்கவில்லை. புரியாமல்தான் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. அம்மாளுக்கு ஐம்பது வயசிருக்கும். கதர்ப் புடவை, கையில் குடை. களைத்துப்போயிருந்தார். சீனுவாசன் முன்னால் ஓடி எல்லாவற்றையும் விளக்கினார். காந்திமதி கதவைத் திறந்து ஒரு கிழங்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அம்மாள் அதை இரண்டாகப் பிட்டார். உள்ளே ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. பச்சைக் கிழங்கை வைத்தா பத்து நிமிடத்தில் இப்படி ஆகிறது என்று கேட்டார். ஆமாம் என்றார் சீனுவாசன். அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. காந்திமதியைப் பார்த்து, நீதானே சமைத்தாய், நீ சொல் என்றார்.

காந்திமதியின் கால் நிலைகொள்ளவில்லை. எங்காவது நடந்தால் தேவலை என்றிருந்தது. முன்னால் ஜமக்காளம், பின்னால் அடுப்பு. நகர இடமில்லை.

“பத்து நிமிஷம் இல்லீங்க” என்றாள். “இதைக் காலையிலயே பானையில வேகவெச்சுட்டோம். பச்சையா வெச்சா அம்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். அப்பதான் ருசியும் இருக்கும். ஆனா ஒரு கூடை விறகு செலவாகுதுங்க. அடுப்புச் சாம்பல்ல போட்டா விறகே வேணாம்.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்த மூன்று பக்கத்தையும் எடுத்து நீட்டினாள். சீனுவாசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு முன்வரிசையைப் பார்த்து, சாம்பலில் போடுவது யார் என்று கேட்டார். அஞ்சம்மாள் எழுந்து நின்று, நாங்க எல்லாரும்தாங்க போடுவோம் என்றாள். பிறகு, இந்தம்மா டின்னுலயும் நல்லாத்தான் வெந்துச்சு, அன்னிக்கு வெந்தது இது இல்ல என்றும் சொன்னாள். அம்மாள் தலையசைத்தார். விறகைப் பற்றி இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை என்று மட்டும் சொல்லி, தாள்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு கோழி ஸ்டாலுக்குப் போய்விட்டார். பாராட்டவும் இல்லை, யாரையும் கண்டிக்கவும் இல்லை. அத்தனையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அன்று முழுதும் சீனுவாசன் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று காந்திமதிக்கு இருந்தது. சாயங்காலம் அவரே ஸ்டூலில் ஏறி அந்த அட்டையைக் கழற்றினார்.

ஒரு மாதம் கழித்து மரக்காணத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதற்கும் பொருட்காட்சிக்கும் சம்பந்தம் உண்டா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. உத்தரவைக் கொடுத்தபோது சீனுவாசன், “நீங்க சொன்னது பொய் இல்லம்மா. முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை, இதை நான் செய்யமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்” என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. காலையில் எண்ணெய் தடவியபோதே சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டாள். அவர் பரவாயில்லை என்று கையசைத்துவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் வேலையை விட்டுவிடச் சொன்னான். கடலோரம், உப்புக் காற்று, தெரியாத ஜனம் என்று அண்ணி அழுதாள். காந்திமதி இரண்டு நாளில் பெட்டியைக் கட்டினாள். டின் அடுப்பைக் கல்லேரிப்பாக்கத்துக்குக் கொண்டுபோய் அஞ்சம்மாளிடம் கொடுத்தாள். அஞ்சம்மாள் அதை இரண்டு பொங்கலுக்குக் கிழங்கு சுட வைத்துக்கொண்டாள். பிறகு எலி நுழையாதென்று விதை மல்லாட்டை போட்டு வைத்தாள்.

மரக்காணத்துப் பக்கம் காந்திமதிக்குக் கொடுத்தது ஒரு மீனவக் குப்பம். போன அன்றைக்குப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து எதையும் செய்துகாட்டவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பொன்னி என்ற வயசுப் பெண், இடுப்பில் குழந்தையோடு வந்தவள், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். ஒன்றரை மைல் நடந்து குடத்தில் கொண்டுவருகிறோம், மீன் கூடையும் சுமக்கிறோம், தண்ணீரும் சுமக்கிறோம் என்றாள்.

காந்திமதி மனு எழுதினாள். பதில் வரவில்லை. காத்திருக்கும் வழக்கம் அவளிடம் இல்லையே, பஸ் ஏறித் திண்டிவனத்துக்கு நேரிலேயே போனாள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். நான்காம் நாளே போனாள். ஆபீஸ் வராந்தாவில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். உள்ளே எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தாக்களுக்கு அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த அம்மாவோட ஃபைலை ஜல்தியா அனுப்புங்கப்பா, ஒரு வரி எழுத முடியலை என்று தலைமைக் குமாஸ்தா கோதண்டபாணி சொல்லும்வரை நடப்பாள். இப்படி இரண்டு வருஷம், பதினோரு மனு. நடுவில் ஒரு வரன் வந்து தட்டிப்போனது. அதற்குப்பின் மாசிலாமணி வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அவளுக்கு அதில் வருத்தமா நிம்மதியா என்று அவளிடம் கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

1968 கோடையில் கிணறு வெட்ட ஆள் வந்தது. முதலில் தோண்டிய இடத்தில் தண்ணீர் உப்புக் கரித்தது. வேலையாட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். காந்திமதி அவர்களை விடவில்லை. மேற்கே இருநூறு அடி தள்ளித் தோண்டச் சொல்லி, அதற்கான உத்தரவுக்கு அன்றைக்கே பஸ் ஏறினாள். ஒன்பதாம் நாள் புது இடத்தில் ஊற்று கண்டது. பொன்னி வாளியை விட்டு இழுத்து முதல் தண்ணீரை அவள் கையில் ஊற்றினாள். லேசாகக் கலங்கலாக இருந்தது. கரிக்கவில்லை.

காந்திமதி இரண்டு கை குடித்தாள். பெண்கள் குடத்தோடு நெருக்கியடித்தார்கள். யாரோ மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார்கள். கிணற்றுக்கு ராட்டினமும் கைப்பிடிச் சுவரும் இன்னும் வரவில்லை, குழந்தைகள் ஓடுகிற இடம் என்றாள் காந்திமதி. செத்த இருந்து சாப்பிட்டுப் போயேன் அக்கா, வஞ்சிரம் வறுத்துக்கினு இருக்கேன் என்றாள் பொன்னி. ரெண்டு மணி பஸ்ஸை விட்டால் ஆபீஸ் மூடிவிடும் என்று சொல்லிக்கொண்டே காந்திமதி பையைத் தோளில் மாட்டி மணலில் நடந்துவிட்டாள்.